மூன்று நாளில் இரண்டு கிலோ: இதயச் செயலிழப்பும் மதுரைக் குழு மருத்துவமும்

இதயச் செயலிழப்பு என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுவது இதயம் நின்றுபோவதை அன்று. உடலின் தேவைக்கு ஏற்ப இரத்தத்தை அனுப்பும் ஆற்றல் இதயத்துக்குக் குறைந்து, அதனால் நுரையீரலிலும் காலிலும் வயிற்றிலும் நீர் தேங்கி, முதலில் மாடிப்படி ஏறும்போதும் பின்னர் சமதளத்தில் நடக்கும்போதும் மூச்சு வாங்கி, கடைசியில் படுத்தாலே மூச்சு முட்டுகிற நீண்டகால நோய்நிலை அது. மதுரையில் இதை நோயாளிக்கு விளக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் "பம்பிங் கம்மியா இருக்கு" என்கிறார்கள். வீட்டாரும் அதையே மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பம்பிங் என்பது, எக்கோ எனப்படும் ஒலியலைச் சோதனையில், இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்று கணக்கிடும் அளவாகும். நலமாக இருப்பவரிடம் அது 55க்கு மேல் இருக்கும். 40 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களுக்குத்தான் இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை உறுதியான பலன் தருவதாக மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. அளவு குறையாமலேயே இதயத்தசை விறைத்துப்போய் நீர் தேங்குகிற வகையும் உண்டு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் நெடுநாள் இருந்த வயதான பெண்களிடம் அது மிகுதி.

இந்நோய்க்கான மருந்துகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டன. ஆயினும் நோயாளி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன முதல் சில வாரங்களிலேயே மறுபடி மூச்சு முட்டித் திரும்பி வருவது இன்னும் நிற்கவில்லை. இக்கட்டுரையாளர் பணியாற்றிய இதயச் செயலிழப்புப் புறநோயாளர் பிரிவில், அவ்வாறு திரும்பி வந்தவர்களின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தபோதெல்லாம், மருந்து தோற்றதை விட மருந்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான ஏதோ ஒரு கண்ணி அறுந்ததே காரணமாகத் தென்பட்டது. அந்தக் கண்ணி மருந்துக்கடையிலோ அடுக்களையிலோ பேருந்திலோ அறுந்திருக்கலாம். அவற்றில் எதுவும் இதயநோய் மருத்துவரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதில்லை. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், உணவியலாளர், இயன்முறை மருத்துவர், சமூகப்பணியாளர் ஆகியோர் ஒன்றுகூடிப் பார்க்கும் குழு மருத்துவம் இந்நோயில் ஆடம்பரமாகக் கருதப்படாமல் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மாறியதற்கு இதுதான் காரணம்.

இக்கருத்தைச் சோதித்து நிலைநாட்டிய ஆய்வுகளில் முன்னோடியானது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ரிச் என்பவரும் அவருடைய தோழர்களும் 1995இல் வெளியிட்டதாகும். 70 வயதைக் கடந்த 282 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும் மற்றொரு பிரிவினருக்குச் செவிலியர் தலைமையில் நோய்விளக்கம், உணவு ஆலோசனை, மருந்துச் சீராய்வு, சமூகப்பணி உதவி, வீடு தேடிச் செல்லும் தொடர்கண்காணிப்பு ஆகியவையும் அளித்தபோது, இதயச் செயலிழப்பால் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் தொண்ணூறு நாள்களில் முதல் பிரிவில் 54 ஆகவும் இரண்டாம் பிரிவில் 24 ஆகவும் இருந்தன. அக்காலத்தில் இன்றுள்ள மருந்துகளில் பாதிகூட இல்லை என்பதை நினைவில் வைத்தால், பேச்சும் கவனிப்பும் மட்டுமே எவ்வளவு சாதித்தன என்பது விளங்கும்.

இந்தியாவில் இந்நோயின் உருவம் சற்று வேறானது. திருவனந்தபுரத்தில் 2013இல் 18 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1205 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த பதிவேடு, ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களில் 59 விழுக்காட்டினர் இறந்ததாகக் காட்டியது. இது பல புற்றுநோய்களின் கணக்கை விட மோசமானது. பின்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை மையமாகக் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் நடந்த தேசியப் பதிவேட்டில் 10,851 நோயாளிகள் இடம்பெற்றனர், அவர்களில் 14.2 விழுக்காட்டினர் தொண்ணூறு நாள்களுக்குள் இறந்தனர். நோயாளிகளின் சராசரி வயது 60ஐ ஒட்டியே இருந்தது. மேலை நாடுகளில் பேரன் பேத்தி எடுத்து ஓய்வில் இருப்பவர்களுக்கு வருகிற நோய், இங்கே இன்னும் மகளுக்குக் கல்யாணம் முடிக்காத, கொத்தனார் வேலைக்கோ களையெடுப்புக்கோ போய்க்கொண்டிருக்கிற ஆளுக்கு வருகிறது. உரிய மருந்துகள் முழுமையாகக் கிடைத்தோர் பாதிக்கும் குறைவு என்பதும், முறையான கல்வி இல்லாதவர்களிடம் இறப்பு கூடுதல் என்பதும் அப்பதிவேட்டின் மற்ற இரு முடிவுகள். இவ்விரண்டுமே அறிவியலை விட அமைப்பின் குறையைச் சுட்டுகின்றன.

காரணங்களில் முதலிடம் மாரடைப்புக்கு. தேசியப் பதிவேட்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு இதயத்தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைப்பே மூலகாரணம். அடுத்தபடியாக, காரணம் புலப்படாமல் இதயம் விரிந்துபோகும் தசைநோயும், குழந்தைப்பருவத்தில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக்காய்ச்சலால் பழுதாகும் வால்வுகளும் வருகின்றன. தசைநோயைப் பொறுத்தவரை மதுரைக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசிய மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அது பிற்கால இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பை உயர்த்துவதையும் 2009இல் வெளிக்கொணர்ந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் அரசு இராசாசி மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவினரும் பங்கேற்றிருந்தனர். குடும்பத்தில் ஒருவருக்கு இளவயதில் இதயம் விரிந்திருந்தால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்வது இன்றைய வழக்கம். பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பங்களில் அதை நடத்தி முடிக்கச் செவிலியர் எடுக்கும் தொலைபேசி அழைப்புகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஊர்மக்கள் பெரியாஸ்பத்திரி என்று அழைப்பதும், மூத்தவர்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று நினைவுகூர்வதுமான அரசு இராசாசி மருத்துவமனைக்கு உசிலம்பட்டி, மேலூர், பேரையூர், திருமங்கலம் ஆகிய பகுதிகளிலிருந்து மட்டுமல்லாமல் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தனியார் மருத்துவமனைகளின் நிலையும் இதுவே. ஆக, மதுரையில் இருந்து மருந்து எழுதும் குழு, பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் வாழும் உடலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தத் தொலைவே இங்குள்ள குழு மருத்துவத்தின் எல்லாச் சிக்கல்களுக்கும் தாய்.

இதை நீர் மாத்திரையின் கதையில் நெருங்கிப் பார்க்கலாம். நீர் மாத்திரை என்பது சிறுநீரகத்தைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. ஃபியூரோசமைடு அதில் பரவலானது. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி நான்கைந்து மணி நேரம் அடிக்கடி சிறுநீர் வரும். புறநோயாளர் பிரிவுக்கு வரும் நாளில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, ஆரப்பாளையத்திலோ மாட்டுத்தாவணியிலோ இறங்கி, அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறி, சீட்டுப் பதிய வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்க்கும்வரை கழிப்பிடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதால், பெண் நோயாளிகளில் பெரும்பாலோரும் ஆண்களில் பலரும் அன்றைக்கு மாத்திரையைப் போடாமலேயே வருகிறார்கள். சிலர் முந்தின நாளே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் கால் வீங்கியிருக்கிறது, எடை கூடியிருக்கிறது. மாத்திரை போதவில்லை என்று முடிவு செய்து அவர் அளவை இரட்டிப்பாக்குகிறார். வீட்டுக்குப் போன நோயாளி, மறுநாள் முதல் ஒழுங்காக அந்த இரட்டிப்பு அளவைப் போடுகிறார். பத்து நாளில் உடம்பு வற்றி, எழுந்து நின்றால் தலை சுற்றி, இரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறி, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்ற அச்சத்தில் மற்ற இதய மருந்துகளையும் சேர்த்து நிறுத்துகிறார்கள். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு பேருந்துப் பயணம்.

இந்தச் சங்கிலியை அறுக்கும் கேள்வியை மருத்துவர்கள் கேட்டுப் பார்ப்பது அரிது. கேட்டாலும் "போட்டேன் சார்" என்ற பதிலே வரும், ஏனெனில் பெரியவரிடம் இல்லை என்று சொல்லத் தயக்கம். எடை பார்க்கும் செவிலியர், "இன்னைக்குக் காலையில தண்ணி மாத்திரை போட்டீங்களாம்மா, இல்ல பஸ்ஸுக்காக விட்டுட்டீங்களா?" என்று விடையையும் சேர்த்தே கேட்கும்போது, "விட்டுட்டுத்தான் சிஸ்டர் வந்தேன், நடுவழில எங்க போறது" என்ற உண்மை வெளியே வருகிறது. தீர்வும் எளிது. பயணநாளில் மட்டும் மாத்திரையை வீடு திரும்பியபின், பிற்பகலிலாவது போட்டுக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தபின் போட்டால் இரவுத் தூக்கம் கெடும், இருட்டில் கொல்லைப்புறம் போய் விழுந்தவர்களும் உண்டு. அந்த ஒற்றை விவரம் மருத்துவரின் மேசைக்கு எடைச்சீட்டுடன் போய்ச் சேருமானால் மருந்தின் அளவு மாறாது, சிறுநீரகமும் தப்பும். குழு மருத்துவம் என்பதன் சாரம் இக்கட்டுரையாளர் கண்டவரை இதுவே: நோயாளியைப் பலர் வரிசையாகப் பார்ப்பதால் குழு உருவாவதில்லை, ஒருவர் அறிந்தது அடுத்தவர் முடிவெடுக்கும் முன் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உருவாகிறது. ஆறு பேரும் ஆறு தனித்தனித் தாளில் எழுதி, அந்த ஆறும் நோயாளியின் துணிக்கடைப் பையில் ஒன்றை ஒன்று பாராமல் கிடக்குமானால், அங்கே குழு இல்லை.

ஆகவேதான் ஒரே குறிப்பேடு என்ற ஏற்பாட்டுக்கு இங்கு இவ்வளவு அழுத்தம் தரப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டே போதும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், எக்கோ அளவு, நீர் வற்றிய நிலையில் நோயாளியின் எடை. இதை வறள் எடை என்பர், பின்வரும் எல்லாக் கணக்குக்கும் இதுவே அடி. அடுத்த பக்கங்களில் நாள்தோறும் காலை எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூச்சு முட்டுவதற்குப் பல நாள் முன்பே எடை இதைச் சொல்லிவிடுகிறது. அன்றே தொலைபேசியில் அழைத்தால், இரண்டு நாளுக்கு நீர் மாத்திரையைக் கூட்டுவதோடு முடிந்துவிடும். அழைக்காவிட்டால் அது ஒரு நள்ளிரவு 108 ஊர்தியாக முடியும்.

எல்லா வீட்டிலும் எடை இயந்திரம் கிடையாது என்பதை இத்திட்டங்களை வகுப்போர் மறந்துவிடுகிறார்கள். தெருமுனை மருந்துக்கடை இயந்திரம் ஒரு நாளும் துணை சுகாதார நிலைய இயந்திரம் மறுநாளுமாகப் பார்த்தால் எண்கள் ஒத்துப்போகா. ஒரே இயந்திரத்தில், காலைக்கடன் முடித்து, உண்ணும் முன், ஏறத்தாழ ஒரே கனமுள்ள உடையுடன் பார்க்க வேண்டும். அதற்கும் வழியில்லாத வீடுகளில் உடம்பிலேயே அளவுகோல் தேட வேண்டியதாயிற்று. பெண்களுக்குக் கால்விரல் மெட்டி இறுகுவதும், ஆண்களுக்கு அரைஞாண் கயிறு வயிற்றில் பதியத் தொடங்குவதும், செருப்பு வாரின் தடம் மாலைக்குள் ஆழமாக விழுவதும் அனுபவத்தில் நம்பத்தக்க அடையாளங்கள். அதைப் போலவே, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அறிய எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று பாடநூல் கேட்கச் சொல்கிறது. பாயில் ஒரு தலையணையோடு படுப்பவரிடம் அக்கேள்வி எதையும் வெளிக்கொணராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினீர்களா, காற்றுக்காகத் திண்ணைக்கு எழுந்து வந்தீர்களா என்று கேட்டால்தான் விடை கிடைக்கிறது.

மருந்துகளுக்கு வருவோம். பம்பிங் அளவு குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடித்தளம்: இரத்தக்குழாய் இறுக்கத்தைத் தளர்த்தும் வகை, இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பான், ஸ்பைரனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. 1999இல் ஸ்பைரனோலாக்டோனுக்கும் 2019இல் டாபாகிளிஃப்ளோசினுக்கும் கிடைத்த ஆய்வுச் சான்றுகள் இத்துறையின் திருப்புமுனைகள். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்ததும் இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரிக்கத் தொடங்கி விலை வெகுவாக இறங்கியது. 2023இல், முதல் வகையைச் சேர்ந்த சாக்குபிட்ரில் கூட்டு மாத்திரைக்கும் அதுவே நேர்ந்தது. சாதாரணக் குடும்பத்துக்கும் நான்கு வகையும் எட்டக்கூடியவை ஆகிவிட்டன என்பது இக்காலத்தின் பெரும்பேறு. ஆனால் கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் செய்வன வேறு. டாபாகிளிஃப்ளோசின் முதலில் நீரிழிவுக்காக வந்த மருந்து, மருந்துக்கடைப் பையன் அட்டையைப் பார்த்து "இது சுகர் மாத்திரையாச்சே, உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்ட மாத்திரத்தில், சர்க்கரை இல்லாத நோயாளி அதை நிறுத்திவிடுகிறார். பீட்டா தடுப்பானை, பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்கிறார். முட்டிவலிக்கு அதே கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைத்து, ஒரே வாரத்தில் மாதக்கணக்கான சிகிச்சையைக் கரைத்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் மருந்தாளுநரின் பங்கு தொடங்குகிறது. வீட்டுக்குப் போகும் நாளில் நோயாளியையும், மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவரையும் ஒன்றாக உட்கார்த்தி, பையில் உள்ள பழைய அட்டைகள் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டச் செய்து, ஒரே மருந்து இரண்டு நிறுவனப் பெயரில் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அட்டையின் பின்னும் "இதயத்துக்கு, காலை", "நீருக்கு, காலை", "இதயத்துக்கு, சுகருக்கு அல்ல" என்று தமிழில் மையினால் எழுதித் தருவது அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலவும் வரைந்து தருவர். மருந்தியல் முனைவர் பட்டப் படிப்பு இந்தியாவில் 2008 முதல் நடக்கிறது. அப்படித் தேர்ந்து வெளிவரும் இளைஞர்களை மருந்து எண்ணிக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நிறுத்திவைப்பது பெரிய வீண் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மருந்தளவை எவ்வளவு விரைவாக உயர்த்துவது என்ற கேள்விக்கு 2022இல் தெளிவான விடை கிடைத்தது. 1078 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றில், மருத்துவமனையிலிருந்து சென்ற இரண்டே வாரத்தில் முழு அளவை எட்டச்செய்து, அடிக்கடி வரவழைத்துச் சோதித்த பிரிவினரில், ஆறு மாதங்களுக்குள் இறந்தோரும் மறுபடி சேர்ந்தோரும் 15.2 விழுக்காடு; வழக்கமான கவனிப்பில் 23.3 விழுக்காடு. ஆனால் இதன் பொருள், முதல் ஆறு வாரத்தில் நான்கு முறை இரத்த அழுத்தம், நாடி, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்பது. தினக்கூலியாளர் நான்கு நாள் கூலியையும், கூடவே வரும் மகன் நான்கு நாள் கூலியையும் இழந்துதான் இது நடக்கும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது நகரை ஒட்டிய பகுதிப் பெண்களுக்கு உதவியாக இருக்கிறது. தொலைவிலிருந்து வருவோருக்கு அது போதாது. நான்கில் இரண்டு வருகைகளை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடித்து, எண்களை மட்டும் தொலைபேசியில் மதுரைக்குத் தெரிவிக்கும் முறை நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அங்கும் பொட்டாசியம் சோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால் வட்டார அளவில் ஓர் ஆய்வகத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியிருக்கிறது.

அடுக்களையைப் பற்றிச் சொல்லாமல் இத்துறையைப் பற்றி எழுத முடியாது. உப்பைக் குறையுங்கள் என்று சொன்னால், சோற்றிலும் குழம்பிலும் போடும் உப்பைக் குறைத்துவிட்டு, ருசிக்காக அப்பளமும் ஊறுகாயும் மோர் மிளகாயும் கருவாடும் தொட்டுக்கொள்கிறார்கள். குறைத்ததை விட ஏறியதே அதிகம். இரவில் பரோட்டாவோடு வரும் சால்னாவின் உப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்துப்பு கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அதைவிட ஆபத்தானது, சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை நல்லெண்ணத்தோடு வாங்கிப் பயன்படுத்துவது: அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருப்பதால், ஸ்பைரனோலாக்டோன் போடுபவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். உப்பை மிகக் கடுமையாகக் குறைப்பதால் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறைவதாக 2022இல் வெளியான பெரிய ஆய்வு காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே உப்பில்லாப் பத்தியம் என்று நோயாளியை வருத்தத் தேவையில்லை. தொட்டுக்கொள்பவற்றை ஒதுக்கி, வீட்டார் எல்லாரும் ஒரே உப்புக் குறைந்த குழம்பைச் சாப்பிட்டால் போதும். தனிச் சமையல் பத்து நாளுக்கு மேல் எந்த வீட்டிலும் நீடித்ததில்லை. அதனால் உணவியலாளர் நோயாளியை விடச் சமைப்பவரிடம் பேசுவதே பயன் தரும்.

நீர் அருந்தும் அளவு மதுரைக் கோடையில் தனிச் சிக்கல். சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையைத் தொடும்போது, வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பவரிடம் நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் என்று குளிர்நாட்டுக் கணக்கைச் சொல்வது தவறு. திருவிழாக் காலத்து நீர்மோர்ப் பந்தலில் இரண்டு குவளை குடித்ததற்காக யாரையும் கடிந்துகொள்ளத் தேவையில்லை. அந்த மோரில் உள்ள உப்பைத்தான் பார்க்க வேண்டும். கோடையில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் நீர் மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசினையும் அன்றே நிறுத்திவைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்ற அறிவுரை குறிப்பேட்டின் அட்டையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இயன்முறை மருத்துவரின் பணி பெரும்பாலும் அச்சத்தைப் போக்குவதே. இதயம் பலவீனம் என்று கேட்ட குடும்பம் நோயாளியைக் கட்டிலிலிருந்து இறங்கவிடுவதில்லை. ஆறு மாதத்தில் தொடைத்தசை இளைத்து, இதயத்தால் வரும் மூச்சிளைப்போடு தசையால் வரும் மூச்சிளைப்பும் சேர்ந்துகொள்கிறது. நேரான நடைக்கூடத்தில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று அளந்து, அதை வீட்டார் கண்முன் செய்து காட்டினால், "நடந்தா ஒண்ணும் ஆகாது போல" என்று அவர்களே சொல்கிறார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் பாதுகாப்பானது என்ற விதி எளிதில் மனத்தில் பதிகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் விடை ஆளுக்கு ஆள் மாறும்.

இவை எல்லாவற்றையும் இணைத்துப் பிடிப்பவர் செவிலியர். அவருடைய அதிகாரம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது என்று நோயாளி அழைக்கும்போது, நீர் மாத்திரையை இரண்டு நாளுக்குக் கூட்டுங்கள் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லையென்றால், அவர் மருத்துவரைத் தேடிப் பிடித்து, மருத்துவர் அறுவையிலோ வார்டிலோ இருந்தால் காத்திருந்து, மாலையில் திரும்ப அழைக்கும்போது நோயாளியின் கைபேசி எடுக்கப்படாமல் போகிறது. மருத்துவர் முன்கூட்டியே கையொப்பமிட்ட வரையறை, அதாவது எந்த எடைக்கு, எந்த இரத்த அழுத்தத்துக்கு மேல் இருந்தால், எத்தனை நாளுக்கு, எவ்வளவு கூட்டலாம் என்று எழுதிய ஒற்றைத் தாள், இச்சிக்கலைத் தீர்க்கிறது. செவிலியர் தாமாக மருந்து எழுதுவதாக ஆகாது. மருத்துவர் ஏற்கெனவே எடுத்த முடிவை உரிய நேரத்தில் நிறைவேற்றுவதாகும்.

மதுரைக்கு இது புதிய எண்ணமும் அன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, அறுவை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை அவரிடம் விட்டு மற்ற எல்லாவற்றையும் அப்பெண்களின் தேர்ந்த கைகளில் ஒப்படைத்ததால்தான் உலகம் அதைக் கற்க இங்கு வந்தது. கண்புரை ஒருநாளில் தீர்வது, இதயச் செயலிழப்பு ஆயுள்முழுதும் தொடர்வது என்ற வேறுபாடு உண்டு. வேலையைப் பகிரும் துணிவில் வேறுபாடு இருக்கத் தேவையில்லை.

ஊரளவில் கைகொடுக்கக்கூடிய அமைப்பும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வழியே இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. இயன்முறை மருத்துவர்களும் நோய்த்தணிப்புச் செவிலியர்களும் அதில் உள்ளனர். மாதந்தோறும் அந்த வீட்டு வாசலில் நிற்கும் தன்னார்வலர், அதே நேரத்தில் காலில் விரல் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கவும், குறிப்பேட்டைப் புரட்டி எடை ஏறியிருந்தால் மதுரைக்கு அழைக்கவும் கற்பிக்கப்பட்டால், மிகக் குறைந்த செலவில் குழுவின் கை ஒவ்வொரு தெருவுக்கும் நீளும். தன் உறவுக்காரப் பெண்ணோ பக்கத்துத் தெருக்காரியோ ஆன அவரிடம் நோயாளி சொல்வதை, எந்த மருத்துவரிடமும் சொல்வதில்லை.

குழுவின் கடைசிக் கடமை நோய் முற்றிய காலத்தைச் சார்ந்தது. இதயமாற்று அறுவை சிலருக்கே வாய்க்கும். மற்றவர்களுக்கு மருந்துகள் பலன் தராமல் போகும் கட்டம் வரும்போது, மூச்சுமுட்டலைத் தணிக்கச் சிறு அளவு மார்ஃபின் தரலாம். 2014இல் போதைமருந்துச் சட்டம் திருத்தப்பட்டபின் அதை மருத்துவமனைகள் பெறுவது எளிதாகியிருக்கிறது, ஆயினும் புற்றுநோய்க்கு மட்டுமே உரியது அம்மருந்து என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இன்னும் போகவில்லை. இதயத்துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி தந்து சீராக்கும் கருவியைப் பொருத்தியவர்களுக்கு இறுதி நாள்களில் அதன் அதிர்ச்சி தரும் செயல்பாட்டை நிறுத்திவைக்கலாம் என்பதையும் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா, இரவில் மூச்சு முட்டினால் யாரை அழைப்பது, எந்த மாத்திரையைக் கூடுதலாகத் தருவது, 108ஐ அழைப்பதா வேண்டாமா என்பவற்றை நள்ளிரவில் கூடத்தில் நிற்கும் பிள்ளைகள் தீர்மானிக்க நேர்ந்தால், ஊரில் இருப்பவருக்கும் வெளியூரிலிருந்து வந்தவருக்கும் இடையே அது தீராப் பகையாக முடிவதுண்டு. ஆகவே குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் இதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. நோயாளி தாமே நடந்து வந்து உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு நாளில், வீட்டார் முன்னிலையில், அவர் சொல்லச் சொல்லச் செவிலியர் அதை நிரப்புகிறார். மருத்துவர் கீழே கையொப்பமிட்டு, ஒரு படியை ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்கிறார்.